மூன்று பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவர் எப்படி நல்லவர்?

கேள்வி:

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். பத்தாம் வகுப்பில் ஹிட்லர் பாடம் நடத்தும்போது, புத்தகத்தில் இல்லாவிட்டாலும் ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஒரு விவசாயியின் கதையைச் சொல்வது என் வழக்கம். ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர். ஹிட்லரின் படையில் சேர்ந்து சண்டை போட மாட்டேன் என்று சொன்னதற்காக 1943-இல் அவர் தலையை வெட்டினார்கள். பிள்ளைகள் எப்போதும் அமைதியாகக் கேட்டுக்கொள்வார்கள். இந்த வருடம் ஒரு மாணவி எழுந்து நின்று, "மூணு பொம்பளப் பிள்ளைங்கள விட்டுட்டுப் போனவரு எப்படி டீச்சர் நல்லவரு? அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு சோறு போட்டா?" என்று கேட்டாள். அவளுடைய அப்பா சில வருடங்களுக்கு முன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டவர். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "அப்புறம் பேசலாம், உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மனசே சரியில்லை. அவளுக்கு என்ன பதில் சொல்வது? இந்தக் கதையை இனிமேல் சொல்லலாமா, வேண்டாமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

உங்கள் மாணவி கேட்டதை யேகர்ஷ்டெட்டரிடமே பலர் நேருக்கு நேர் கேட்டிருக்கிறார்கள். பெற்ற தாய் கேட்டார். ஊர்ப் பங்குச்சாமியார் கேட்டார். லின்ஸ் மறைமாவட்டத்தின் ஆயர், அதாவது பிஷப், ஃபிளீசர் கேட்டார். ராணுவ நீதிமன்றத்தில் அவர் பக்கம் நின்ற வக்கீல் கேட்டார். 'உனக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை நினைத்துப் பார்' என்பதைச் சொல்லாதவர்களே இல்லை. நாளை வகுப்புக்குப் போனதும் இதை முதலில் சொல்லிவிடுங்கள்: "நீ கேட்ட கேள்வியைத்தான் ஒரு ஆயரும் ஒரு வக்கீலும் கேட்டார்கள்." கேட்டது தப்போ, டீச்சரைச் சங்கடப்படுத்திவிட்டோமோ என்று அவள் இந்நேரம் நினைத்துக்கொண்டிருப்பாள். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இந்த ஒரு வார்த்தை எவ்வளவு தெம்பு தரும் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை.

கதையை நிறுத்த வேண்டாம். சொல்லும் விதத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். 'மாட்டேன் என்றார், தலையை வெட்டினார்கள்' என்று முடித்தால் அது ஒற்றை ஆளின் கதையாகிவிடுகிறது. உண்மையில் அது இரண்டு பேரின் கதை. உங்கள் மாணவி கேட்டது அந்த இரண்டாவது ஆளைப் பற்றி. அவர் பெயர் ஃபிரான்சிஸ்கா.

முதலில் ஃபிரான்ஸைப் பிறவி மகானாகக் காட்டாதீர்கள். 1907-இல் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சின்னக் கிராமத்தில் பிறந்தவர். ஜெர்மனி எல்லையை ஒட்டிய ஊர் அது. ஹிட்லர் பிறந்த பிரவ்னாவ் அங்கிருந்து அதிக தூரமில்லை. பெற்றவர்கள் இருவரும் பண்ணை வேலையாட்கள், கல்யாணம் செய்துகொள்ள வழியில்லாத ஏழைகள். பெற்ற தகப்பன் முதல் உலகப் போரில் இறந்துபோனார். பிறகு தாயை மணந்துகொண்ட யேகர்ஷ்டெட்டர் என்ற விவசாயிதான் பையனைத் தத்தெடுத்துத் தன் பெயரைக் கொடுத்தார். உங்கள் மாணவிக்கு இந்த இடம் முக்கியம். அப்பன் இல்லாத பிள்ளையாக வளர்வது எப்படியிருக்கும் என்று ஃபிரான்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போரில் செத்துப்போன ஒருவரின் பிள்ளை அவர்.

வாலிபத்தில் கொஞ்சம் ஆட்டமும் உண்டு. எய்சனெர்ட்ஸ் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பினார். ஊரில் முதன்முதலில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அவர்தான் என்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே 1933-இல் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஹில்டெகார்ட் என்று பெயர். இதையெல்லாம் மறைக்க வேண்டாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புரியும் விஷயம்தான்.

1936-இல் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் அன்று ஃபிரான்சிஸ்காவை மணந்தார். தம்பதிகள் அன்றே ரோமுக்குப் புறப்பட்டார்கள். அடுத்தடுத்து மூன்று பெண்கள்: ரோசாலியா, மரியா, அலோய்சியா. கல்யாணத்துக்குப் பிறகு மனிதர் மாறிவிட்டார் என்று ஊரே சொன்னது. விவசாயத்தோடு கோயில்பிள்ளை வேலையும் சேர்ந்துகொண்டது. மணியடிப்பது, பீடத்தை ஒழுங்குபடுத்துவது, பூசைக்கு உதவுவது.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 10 அன்று பொதுவாக்கெடுப்பு: ஜெர்மனியோடு இணைந்ததற்குச் சம்மதமா? நாடு முழுவதும் 99 சதவீதத்துக்கு மேல் 'ஆம்' என்று அறிவித்தார்கள். சாங்க்ட் ராடெகுண்டில் 'இல்லை' என்று வாக்களித்தவர் ஃபிரான்ஸ் ஒருவர்தான். முடிவு வந்தபோது அந்த ஊரில் நூற்றுக்கு நூறு 'ஆம்' என்று எழுதப்பட்டிருந்தது. ஒரே ஒரு சீட்டுத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட அவர்களுக்குத் தோன்றவில்லை. அடக்குமுறை ஆட்சி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரியவைக்க வதைமுகாம் படங்களைக் காட்டுவதற்கு முன்னால் இந்த ஒரு சீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

அப்புறம் அந்த ஆட்சி கொடுத்த பணம். பிள்ளைகள் இருக்கும் குடும்பங்களுக்கு உதவித்தொகை வந்தது. ஃபிரான்ஸ் வாங்கவில்லை. ஆலங்கட்டி மழையில் பயிர் போனவர்களுக்கு நிவாரணம் வந்தது. அதையும் வாங்கவில்லை. உங்கள் மாணவி கெட்டிக்காரி, இங்கே நிறுத்திக் கேட்பாள்: 'அது அந்தப் பிள்ளைங்க காசுதானே டீச்சர்?' ஆமாம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். அவருடைய மனசாட்சிக்கு முதல் தவணை கட்டியது அந்த வீட்டுச் சமையலறைதான். இதை மழுப்பினால் மீதிக் கதையை அவள் நம்ப மாட்டாள்.

இன்னொன்றையும் விடாமல் சொல்ல வேண்டும். 1940-இல் முதல் முறை அழைப்பு வந்தபோது அவர் போனார். எல்லோரையும் போல ராணுவ உறுதிமொழி எடுத்தார். சில நாளில் ஊர்த் தலைவர் தலையிட்டு வீட்டுக்கு வரவழைத்தார். மறுபடி அழைத்தார்கள், மாதக்கணக்கில் வண்டியோட்டும் பயிற்சி பெற்றார். 1941 ஏப்ரலில் விவசாயத்துக்கு ஆள் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். இனி அழைத்தால் போவதில்லை என்ற முடிவு ஒரே நாளில் வந்ததல்ல. மனநலம் குன்றியவர்களை ஆட்சியே கொன்றுபோடும் செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. ரஷ்யா மீது படையெடுப்பு தொடங்கியிருந்தது. உட்கார்ந்து யோசித்தார், நோட்டுப் புத்தகங்களில் எழுதினார், ஆயரைப் போய்ப் பார்த்தார். குடும்பத்தைக் காப்பாற்றுவதுதான் உன் கடமை, போர் நியாயமா இல்லையா என்பது உன் பொறுப்பில்லை என்ற மாதிரி ஆயர் பேசினார். வெளியே வந்த ஃபிரான்ஸ் மனைவியிடம் சொன்னது இதுதான்: ஆயர்களுக்கே துணிவில்லை, பேசினால் அவர்கள் தலைக்கும் வந்துவிடும். அதில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் தெரிகிறது எனக்கு.

1943 பிப்ரவரி 23 அன்று மூன்றாவது அழைப்பு வந்தது. மார்ச் 1 அன்று என்ஸ் நகரப் படைமுகாமுக்குப் போய், ஆயுதம் எடுத்துச் சண்டை போட மாட்டேன் என்று சொன்னார். மறுநாளே சிறை. முதலில் லின்ஸ், மே மாதம் பெர்லினின் டேகல் சிறை. காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் மருத்துவப் பிரிவில் வேண்டுமானால் சேர்கிறேன் என்று சொன்னார், நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜூலை 6 அன்று மரண தண்டனை. குற்றம், படையின் மன உறுதியைக் குலைத்தது.

இப்போது ஃபிரான்சிஸ்காவுக்கு வருவோம். இங்கே வகுப்பில் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் முதலிலிருந்தே கணவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவர் இல்லை. உயிரோடு இருக்க வழியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். தாய், உறவு, ஊர், சாமியார் என்று எல்லோரும் ஒரே பக்கம் நின்று வாதாடியதைப் பார்த்த பிறகுதான் கணவர் பக்கம் போய் நின்றார். "நானும் அவர் பக்கம் நிற்காவிட்டால் அவருக்கு யாருமே இருந்திருக்க மாட்டார்கள்" என்று பல வருடம் கழித்துச் சொன்னார். இந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். அவருக்குக் கணவர் வேண்டும், பிள்ளைகளுக்கு அப்பா வேண்டும். அதை வைத்துக்கொண்டேதான் அந்த முடிவை எடுத்தார். யாரும் அவரைக் கேட்காமல் பலி கொடுத்துவிடவில்லை. உங்கள் மாணவியின் கோபத்துக்குள் 'அம்மாவ யாரு கேட்டா?' என்ற கேள்வியும் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த வீட்டில் அம்மாவும் சேர்ந்துதான் முடிவெடுத்தார்.

சிறைக்கும் வீட்டுக்கும் போய்வந்த கடிதங்கள் இருக்கின்றன. பெரிய தத்துவமெல்லாம் அவற்றில் குறைவு. வயலில் என்ன வேலை நடக்கிறது, மாடு கன்று எப்படி இருக்கிறது என்று அவர் விசாரிப்பார். பிள்ளைகள் செய்யும் சேட்டைகளை மனைவி எழுதுவார். ஒருமுறை மூன்று பெண்களையும் வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார் ஃபிரான்சிஸ்கா. பிள்ளைகள் கையில் எழுத்து அட்டை: 'அன்புள்ள அப்பா, சீக்கிரம் வாங்க.' அவர் மனசைக் கலைக்கவா அந்தப் படம் போனது, ஆறுதலாகவா? இரண்டும்தான் இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்த பிறகும், படையில் சேரச் சம்மதம் என்று அவர் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கதையில் ஆகக் கடினமான இடம் இதுதான். கில்லட்டின்கூட இதற்கு அடுத்துத்தான்.

தன்னைச் சுற்றி எல்லோரும் சொன்ன 'பெண்டாட்டி பிள்ளை' வாதத்துக்கு அவர் எழுத்தில் பதிலும் வைத்திருக்கிறார். செய்யும் காரியம் தப்பு என்றால், செய்கிறவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருப்பதால் அது நல்ல காரியமாகிவிடுமா என்று கேட்கிறார். ஆயிரக்கணக்கானோர் செய்வதால் மட்டும் சரியாகிவிடுமா என்றும் கேட்கிறார். கைகள் கட்டப்பட்ட நிலையில் இதை எழுதுகிறேன், என் மனம் கட்டுண்டு கிடப்பதைவிட இது மேல் என்றும் எழுதியிருக்கிறார்.

ஜூலை நடுவில் ஃபிரான்சிஸ்கா ஊர்ப் பங்குச்சாமியாரோடு ரயிலேறி பெர்லின் போனார். குண்டு விழும் காலம். சந்திக்க இருபது நிமிடம் போலக் கொடுத்தார்கள். காவலர்கள் கூடவே நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரத்திலும் சாமியார் ஃபிரான்ஸின் மனசை மாற்றத்தான் பார்த்தார். மனைவிக்கு மிஞ்சியது என்ன என்று நினைத்துப் பாருங்கள். கணவனும் மனைவியும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் 9 அன்று பிராண்டன்பர்க் சிறையில் தண்டனையை நிறைவேற்றினார்கள். அவருக்கு வயது 36. கடைசியாக அவரைப் பார்த்த சிறைக் குருவானவர் பின்னால் சொன்ன செய்தி ஒன்று உண்டு. அறையின் மேசை மேல் ஒரு காகிதம் இருந்தது, கையெழுத்துப் போட்டால் உயிர் பிழைக்கலாம். குருவானவர் அதைச் சுட்டிக்காட்டியபோது ஃபிரான்ஸ் சிரித்தபடி அதை ஒதுக்கிவைத்தார். அநியாயமான போரை நடத்தும் அரசுக்கு உறுதிமொழி தர என்னால் முடியாது என்றார்.

சரி, சோறு போட்டது யார்?

ஃபிரான்சிஸ்காதான். முப்பது வயதில் விதவை. பெரியவளுக்கு இன்னும் ஆறு ஆகவில்லை, கடைக்குட்டிக்கு மூன்று. வயலையும் மாடுகளையும் பார்த்துக்கொண்டு மாமியாரையும் வைத்துக்கொண்டு மூன்று பெண்களை ஆளாக்கினார். கணவர் பார்த்த கோயில்பிள்ளை வேலையையும் தானே எடுத்துச் செய்தார். ஊர் அவரைச் சும்மா விடவில்லை. கல்யாணத்துக்கு முன் நன்றாகத்தான் இருந்தான், இவள் பக்தியில் இழுத்துத்தான் அவன் கெட்டான் என்று பேசினார்கள். மாமியாருக்கே அந்த மனத்தாங்கல் இருந்தது. 1945-இல் ஹிட்லரின் ஆட்சி போனது, பேச்சு மட்டும் போகவில்லை. போரில் மகனையோ புருஷனையோ இழந்த வீடுகள் நிறைய. போகாமல் செத்தவர் செய்தது சரியென்றால் போய்ச் செத்தவர் செய்தது என்ன என்ற கேள்வியை யார் தாங்குவார்கள்? ஃபிரான்ஸைப் பற்றிய கட்டுரை மறைமாவட்டப் பத்திரிகையில் வருவதற்கு அதே ஆயர் ஃபிளீசர் அனுமதி தரவில்லை. போர் முடிந்த பிறகுதான் இது, பயம் காரணமில்லை. விதவை உதவித்தொகையும் முதலில் மறுக்கப்பட்டது. சுதந்திர ஆஸ்திரியாவுக்காகப் போராடியவர் என்று இவரைக் கொள்ள முடியாதாம். 1950-இல்தான் அது கிடைத்தது. கொன்ற ஆட்சி போய், நல்ல ஆட்சி என்று சொல்லிக்கொண்டு வந்ததும் அந்தப் பெண்ணை ஐந்து வருடம் நிறுத்திவைத்தது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வரும்.

அவர் 2013 வரை இருந்தார். நூறு வயது முடிந்த சில நாட்களில் இறந்தார். 1997-இல் பெர்லின் நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்ததைப் பார்த்தார். 2007 அக்டோபர் 26 அன்று லின்ஸ் பேராலயத்தில் ஃபிரான்ஸுக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் கொடுத்தபோது 94 வயதில் மகள்களோடு வந்திருந்தார்.

ஆகவே உங்கள் மாணவியிடம், 'பிள்ளைகளுக்கு ஒன்றும் கஷ்டமில்லை, ஊர் பார்த்துக்கொண்டது' என்று பொய்யான ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். கஷ்டம் இருந்தது. வருடக்கணக்கில் இருந்தது. தியாகம் என்று நாம் பேசும்போது மேடையில் ஒருவரை நிற்கவைத்து மாலை போடுகிறோம். அதற்கான கூலியை வீட்டிலிருப்பவர்கள் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். அதைக் கண்டுபிடித்தது உங்கள் வகுப்பிலிருக்கும் பெண்.

ஆனால் இதோடு நிறுத்தவும் கூடாது. 'விட்டுட்டுப் போனவரு' என்கிறாளே, அந்த இடத்தில் அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். சாங்க்ட் ராடெகுண்டிலிருந்து ராணுவத்துக்குப் போன மற்ற அப்பாக்களும் வீட்டை விட்டுத்தான் போனார்கள். எத்தனையோ பேர் திரும்பவில்லை. அவர்கள் பிள்ளைகளும் அப்பா இல்லாமல்தான் வளர்ந்தார்கள். அவர்களைப் பார்த்து 'பெண்டாட்டி பிள்ளையை நினைக்காமல் எப்படிப் போனாய்' என்று ஆயரும் கேட்கவில்லை, ஊர்த் தலைவரும் கேட்கவில்லை. கொல்லப் போகிறவனுக்குக் குடும்பப் பொறுப்பு குறுக்கே வரவில்லை, மாட்டேன் என்கிறவனுக்கு மட்டும் வந்தது. இதை வகுப்பில் கேள்வியாகவே போட்டுப் பாருங்கள். பிள்ளைகள் யோசிப்பார்கள்.

அப்புறம், அந்த மூன்று பிள்ளைகளிடமிருந்து அப்பாவைப் பறித்தது யார்? மாட்டேன் என்று சொன்ன வாயா, அதற்காகக் கழுத்தை அறுத்த அரசா? ஒருவர் ஆயுதம் எடுக்க மறுத்தால் வேறு வேலை கொடுக்கலாம், அவரே மருத்துவப் பிரிவைக் கேட்டார். சிறையில் வைக்கலாம். கொன்றே தீருவேன் என்று முடிவு செய்தது ஆட்சி. அப்படிப்பட்ட ஆட்சியின் தந்திரமே இதுதான். நம்முடைய பிள்ளைகளைப் பணயமாக வைத்துவிட்டு, பிறகு 'உன் பிள்ளைகள் கஷ்டப்பட நீதான் காரணம்' என்று நம்மையே சொல்லவைக்கும். ஆயுதம் எடுக்க மறுத்த யெகோவாவின் சாட்சிகள் இருநூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். அந்த மதத்தைச் சேர்ந்த பல பெற்றோரிடமிருந்து பிள்ளைகளையே பிரித்துக்கொண்டு போனார்கள். குடும்பத்தைப் பற்றி அந்த ஆட்சிக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான்.

'இதனால் என்ன மாறியது' என்று அடுத்து யாராவது ஒரு பிள்ளை கேட்கும். போர் ஒரு மணி நேரம்கூட முன்னதாக முடியவில்லை. அதை நேராகச் சொல்லுங்கள். அவருக்கும் அது தெரியும். தன்னால் ஹிட்லரை நிறுத்த முடியும் என்று அவர் நினைத்ததாக எந்தக் கடிதத்திலும் நான் பார்த்ததில்லை. என் கையால் நடக்கக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு. ஆனால் தனியாக நிற்கிறோம் என்ற நினைப்பு அவரையும் வாட்டியது. டேகல் சிறையின் குருவானவர் அவரிடம் ஒரு செய்தி சொன்னார்: இதே காரணத்துக்காக ஃபிரான்ஸ் ரைனிஷ் என்ற ஆஸ்திரியக் குருவானவர் முந்தின வருடம் ஆகஸ்டில் பிராண்டன்பர்க்கில் கொல்லப்பட்டார். அதைக் கேட்டதும் ஃபிரான்ஸுக்கு வந்த நிம்மதியை அந்தக் குருவானவர் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் செய்தது இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தால் அதற்கு இவ்வளவு பலம். வாக்கெடுப்பில் அந்த ஒற்றைச் சீட்டை மறைத்ததும் இதனால்தான்.

வகுப்பில் இன்னொரு அப்பாவைப் பற்றியும் பேசுங்கள். கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட். மியூனிக்கில் 'வெள்ளை ரோஜா' என்ற பெயரில் ஹிட்லருக்கு எதிராகத் துண்டறிக்கைகள் விநியோகித்த மாணவர் குழுவைச் சேர்ந்தவர். மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார், வயது 23. அவருக்கும் மூன்று பிள்ளைகள், கடைசிக் குழந்தை பிறந்து ஒரு மாதம் போலத்தான் ஆகியிருந்தது. பிரசவத்துக்குப் பிந்திய காய்ச்சலில் மனைவி படுக்கையில் இருந்தார். நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்காகத் தன்னை உயிரோடு விட்டுவிடும்படி புரோப்ஸ்ட் கேட்டார். நீதிபதி ஃபிரைஸ்லர் காது கொடுக்கவில்லை. 1943 பிப்ரவரி 22 அன்று ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் ஆகியோரோடு அவரையும் கொன்றார்கள். ஃபிரான்ஸுக்குக் கடைசி அழைப்பு வந்தது அதற்கு மறுநாள். உயிரைக் கேட்டதால் புரோப்ஸ்ட் கோழையா? இல்லை. கேட்காததால் ஃபிரான்ஸ் கல்நெஞ்சக்காரரா? அதுவும் இல்லை. பிள்ளைகள் மேல் பாசமுள்ள இரண்டு அப்பாக்கள், இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள். துணிச்சலுக்கு ஒரே முகம்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

என் அபிப்பிராயத்தையும் கேட்டிருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஃபிரான்ஸ் செய்தது சரி. நான் அதில் சந்தேகப்படவில்லை. அதே நேரத்தில், அவர் இடத்தில் இன்னொருவர் பிள்ளைகளை நினைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாம் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு இன்னொருவரின் உயிரைக் கேட்க முடியாது. அவர்கள் தாங்களாகக் கொடுத்தார்கள் என்றால் வணங்கலாம். ஃபிரான்ஸும் இதில் அப்படித்தான் இருந்தார். தன் ஊர்க்காரர்கள் போருக்குப் போனதற்காக அவர்களை அவர் சபிக்கவில்லை.

இனி அந்தப் பெண்ணின் விஷயம். அவள் அப்பாவைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தையும் வேண்டாம். ஜாடையாகக்கூட வேண்டாம். மற்ற பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். தனியாகப் பேசும் சந்தர்ப்பம் தானாக வந்தால் பேசுங்கள், வரவழைக்க வேண்டாம். பேசினால், இந்தக் கதையைக் கொண்டு அவள் அப்பா போனதற்கு ஒரு நியாயம் தேடிவிடாதீர்கள். அவர் ஏன் போனார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. 'பெரியவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும்' என்று ஃபிரான்ஸின் பெயரைச் சொல்லி ஆறுதல் கூறினால், அவளுக்கு அது துரோகமாகத்தான் படும். ஃபிரான்ஸ் போக விரும்பவில்லை. விட்டபோதெல்லாம் வீட்டுக்கு ஓடிவந்தார். சிறையிலிருந்துகூடப் பிள்ளைகளை விசாரித்து எழுதிக்கொண்டே இருந்தார். இந்த வித்தியாசத்தை நீங்கள் எடுத்துச் சொல்லவே வேண்டாம், கடிதங்களைப் பற்றிச் சொன்னால் அவளே பார்த்துக்கொள்வாள். தன் அம்மாவைப் போல ஒருத்தி அந்தக் கதையில் இருக்கிறாள் என்பதையும் பார்ப்பாள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்வரும் அந்த அம்மாவைப் பற்றியும் நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பு நடத்த ஒரு யோசனை. தாய், ஆயர், பங்குச்சாமியார், வக்கீல், ஃபிரான்சிஸ்கா என்று ஐந்து பேர் ஃபிரான்ஸிடம் என்ன சொன்னார்கள் என்பதை ஐந்து மாணவிகளை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்து பேரும் அவருக்கு நல்லது நினைத்தவர்கள்தான். ஊருக்குள் வில்லன் என்று ஒருவரும் கிடைக்க மாட்டார்கள். ஹிட்லரின் மீசையை மட்டும் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, நல்லவர்கள் சூழ்ந்து நின்று வற்புறுத்தும்போது மறுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரியும். ஃபிரான்ஸாக யாரையும் நடிக்கவைக்காதீர்கள். 'நீ இருந்தால் என்ன செய்வாய்' என்று கையைத் தூக்கச் சொல்லவும் வேண்டாம். எல்லோரும் தூக்குவார்கள், பக்கத்தில் இருப்பவள் தூக்கினாள் என்பதற்காக. வேண்டுமானால் பெயர் எழுதாமல் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கட்டும். வந்த தாள்களில் ஒன்றைக்கூட விடாமல் வாசித்துக்காட்டுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகும் உங்கள் மாணவி எழுந்து, 'எனக்கு இன்னும் அவர் மேல கோபம்தான் டீச்சர்' என்று சொல்லலாம். சொல்லட்டும். அவளை மாற்ற முயல வேண்டாம். கொல்லப்பட்ட அன்று எழுதிய கடிதத்தில் ஃபிரான்ஸ் மனைவியிடமும் தாயிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். என்னால் உங்களுக்கு வந்த இந்த வேதனையிலிருந்து உங்களை விடுவிக்க என்னால் முடியவில்லை என்று எழுதியிருக்கிறார். அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்திருந்தது என்று அவளிடம் சொல்லுங்கள்.